வெள்ளாற்று முகத்துவாரத்தில்

சென்ற மார்கழியில் சிதம்பரத்துக்குப் போயிருந்தபோது, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலுடன் கலக்கும் இடத்தைக் காண ஆவல் கொண்டேன். 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும் போர் நடந்த ஊர் அது. நான் போனது ஆற்றைப் பார்க்க.

முகத்துவாரத்துக்குச் சற்று மேற்கே படகு போகையில், ஜலத்தைக் கையில் அள்ளிச் சுவைத்தேன். லேசாகத்தான் கரித்தது.

"மேலே ஆத்துத் தண்ணிங்க ஐயா. அடியிலே கடல் தண்ணி கிடக்கு" என்றார் படகோட்டும் முதியவர்.

அவர் சொன்னது முற்றும் சரி. உப்பு நீர் கனமானது; ஆகவே நன்னீரின் கீழே ஆப்பு அடித்தாற்போல் உள்ளே நுழைகிறது. கோடையில் இங்கே ஆயிரம் பங்கு நீரில் உப்பு 35 பங்கு வரையிலும் ஏறும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்திலோ ஏறக்குறையக் குடிநீர்தான்.

ஜலஜந்துக்களுக்கு இது சாமானியமான சங்கடமன்று. நன்னீர்ப் பிராணியை உப்பில் விட்டால் அதன் உடல் நீர் வெளியேறிச் சுருங்குகிறது. கடற்பிராணியை நன்னீரில் விட்டால் நீரை உறிஞ்சி வீங்குகிறது. ஆகையால் மேற்கே விராலும் கெண்டையும், கிழக்கே கடல் மீன்களுமாக இரண்டு ராஜ்யங்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பதோ யாருக்கும் எளிதில் வசப்படாத எல்லைப்புறம். ரெமானே என்ற ஜெர்மானிய விஞ்ஞானி பால்டிக் கடலை ஆராய்ந்து, ஆயிரத்துக்கு 5 முதல் 8 பங்கு உப்புள்ள இடத்திலேதான் உயிரினங்களின் வகை மிகக் குறைவு என்று 1934-ல் எழுதினார்.

வகை குறைந்தாலும் கூட்டம் குறைவதில்லை! கரைச் சேற்றில் கால் வைத்த இடமெல்லாம் நத்தைகள். உப்பின் ஏற்றத் தாழ்வைத் தாங்கக் கற்ற சில ஜாதிகள், போட்டியின்றிப் பெருகி விடுகின்றன. ஆளிக்கு நகர வழியில்லை. வெள்ளம் வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். நன்னீர் பல நாள் நீடித்தால் மடிந்தும் போகும். மடவை மீனுக்கு இந்தக் கவலையில்லை. எல்லா நீரிலும் உலாவும். கொடுவாவோ விசித்திரப் பிறவி: முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுவது!

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரத்தில் புகுந்து, ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மக்கில் மேய்ந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. "ஆற்று நீர் வீணாகக் கடலில் விழுகிறதே!" என்று அங்கலாய்க்கும் கனவான்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன், நானும் அவ்வாறு சொன்னவன்தான். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு வயல்களுக்கு நீர் தருவது நியாயமே. ஆனால் ஒரு சொட்டும் கீழே வராமல் போனால் இந்த நர்ஸரி என்ன ஆகும்?

முதியவரிடம் மழையில்லாத வருஷங்களைப் பற்றிக் கேட்டேன்.

"ஆறு வராத வருஷம் இறாலும் சரியா வராதுங்க. பையன்க மெட்ராசுக்கு வேலைக்குப் போயிடுவாங்க" என்றார்.

நாங்கள் கரை சேர்ந்தபோது கடல் நீர் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. அவர் வலையை எடுத்து உதறினார். நான் ரயிலுக்கு நடந்தேன்.