ஒல்லி டயரும் சரளைப் பாதையும்

ரோடு சைக்கிள் வாங்கியவருக்கு முதல் ஆறு மாதம் தார்ச்சாலையே போதும். ஏழாவது மாதம் ஆசை வரும். பூங்கா ஓரமாக ஒரு மண் பாதை பிரிந்து போகும். நிழல் இருக்கும், லாரி இருக்காது. சரி என்று உள்ளே திருப்பினால் இருபதாவது நிமிடத்தில் பின் சக்கரம் 'புஸ்...'. கழற்றிப் பார்த்தால் ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், பாம்பு கடித்த மாதிரி! முள் எதுவும் இல்லை. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் ரயில் காரிடார் இப்படி ஆசை காட்டுகிற பாதை. தஞ்சோங் பகார் நிலையத்துக்கு மலேசிய ரயில் வருவது 2011 ஜூன் 30-ஓடு நின்றது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, உட்லண்ட்ஸ் வரை சுமார் 24 கி.மீ. தூரத்தைப் பசுமைப் பாதையாக விட்டிருக்கிறார்கள். ரயில் போன தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது. பல இடங்களில் தரை மண்ணும் பொடிச் சரளையும். இதற்கு மலை ஏறுகிற சைக்கிள் தேவையில்லை. ஆனால் 23 மி.மீ. டயரில் போனால் பல் ஆடும்.

பஞ்சர் ஒட்டின கையோடு வருகிற யோசனை, "பேசாமல் ஒரு கிராவல் சைக்கிள் வாங்கிவிடலாமா?" கடைக்காரர் வேண்டாம் என்றா சொல்வார்? மாதச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் இரண்டாவது சைக்கிள் சின்னச் செலவு இல்லை. ஒரு ஜோடி டயர் அதில் சின்னப் பங்குதான். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டயர் ஒல்லியாக இருக்க வேண்டும், காற்று கல் மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் வேகம் என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாக உண்டு. வழவழப்பான தரையில் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கரடுமுரடான தரையில் கதை வேறு. கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடும். மிதித்த சக்தி குலுங்குவதிலேயே போய்விடும். அகலமான, மெத்தென்ற டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருளும். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாய் மாட்டி, 1888-ல் காப்புரிமை வாங்கியதும் குலுக்கலைக் குறைக்கத்தான். பந்தய வீரர்களே 23-ஐ விட்டு இப்போது 28-க்கு வந்துவிட்டார்கள். கற்கள் பதித்த பாரிஸ்-ரூபே சாலையில் 30 மி.மீ.க்கு மேலேயும் போடுகிறார்கள்.

அப்படியானால் எது வாங்குவது? சைக்கிளில் நுழைகிற அளவில் பெரியது. ஃபோர்க், பிரேக், பின் சக்கரத்தை அணைத்திருக்கும் குழாய்கள் என மூன்று இடத்திலும் டயரைச் சுற்றி 4 மி.மீ. ஆவது இடைவெளி வேண்டும். குறைந்தால், ஒரு கல் சிக்கி சக்கரமே நின்றுவிடலாம். பழைய ரிம் பிரேக் சைக்கிள்களில் பெரும்பாலும் 25 அல்லது 28-தான் நுழையும். டிஸ்க் பிரேக் உள்ளவற்றில் பலவற்றுக்கு 32 போகும். ரிம் அகலமாக இருந்தால் 28 என்று எழுதிய டயரே 30-க்கு உப்பும். அளந்துவிட்டு வாங்குவது நல்லது.

தமிழ்நாட்டில் வாங்குபவர்களுக்கு இன்னொரு குழி உண்டு. "28 டயர்" என்று கேட்டால், அப்பா காலத்துப் பெரிய சைக்கிளுக்கான 28 இஞ்ச் டயர் கைக்கு வந்துவிடும். அதன் உள்விட்டம் 635 மி.மீ.; ரோடு சைக்கிளுக்கு 622. பொருந்தவே பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 28-622 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காய்ந்த சரளைக்குப் பெரிய பொத்தான் எல்லாம் வேண்டாம். வழவழப்பான டயரோ மெல்லிய கோடு போட்டதோ போதும். பொத்தான் சேற்றுக்குத்தான் உதவும், தார்ச்சாலையில் இழுக்கும்.

கடைசியாகக் காற்று. டயரில் எழுதியிருப்பது உச்ச வரம்பு, அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. 70 கிலோ ஆள் 32 டயரில் 50 முதல் 60 பி.எஸ்.ஐ. வைத்து ஆரம்பிக்கலாம், முன் சக்கரத்தில் கொஞ்சம் குறைவாக. ரொம்பக் குறைத்தால் மறுபடி பாம்புக்கடிதான்!

25-க்கு மேல் நுழையாதவர்கள்? அவர்களுக்கும் அந்த 24 கி.மீ. மூடிக் கிடக்கவில்லை. கல் வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்து, வேகத்தைக் குறைத்துப் போனால் பெரும்பாலும் தப்பலாம். குழந்தைகளோடு நடப்பவர்களும் அந்தப் பாதையில் இருக்கிறார்கள், எப்படியும் மெதுவாகத்தான் போக வேண்டும். மண் பாதைக்கு வந்ததே அதற்காகத்தானே?