பெனொனி

என் தம்பிக்குப் பென்யமீன் என்று பேர் வைத்தது தாத்தா. அவன் பிறந்து மூன்று மணி நேரத்தில் அம்மா இறந்துபோனாள், ரத்தப்போக்கு நிற்கவில்லை. எனக்கு ஏழு வயது. ஞானஸ்நானத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் தாத்தா அர்த்தம் சொன்னார்: வலதுகையின் மகன். எபிரெயத்தில் ‘பென்’ என்றால் மகன், ‘யாமீன்’ என்றால் வலது. கிழக்கே பார்த்து நின்று திசை சொல்கிறவர்கள் என்பதால் தெற்குக்கும் அதே சொல்தான்.

ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தை நானாக எடுத்து வாசித்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது. குடும்ப ஜெபத்தில் எத்தனையோ முறை வாசித்ததுதான், காதில் விழுந்ததில்லை. எப்பிராத்தாவுக்குப் போகிற வழியில் ராகேலுக்கு வலி எடுக்கிறது. பயப்படாதே, இதுவும் ஆண்பிள்ளைதான் என்கிறாள் மருத்துவச்சி. (செத்துக்கொண்டிருக்கிறவளுக்குச் சொல்ல அவளிடம் இருந்த ஆறுதல் அவ்வளவுதான்.) உயிர் போகிற நேரத்தில் ராகேல் பிள்ளைக்குப் பேர் வைக்கிறாள்: பெனொனி, என் துக்கத்தின் மகன். அதே வசனத்தில் யாக்கோபு அதை மாற்றிவிடுகிறான்.

யாக்கோபின் மற்றப் பதினொரு ஆண்மக்களின் பேருக்கும் காரணம் சொன்னவர்கள் லேயாளும் ராகேலும்தான். யோசேப்பு என்ற பேரே, இன்னொரு மகனையும் கூட்டித் தரவேண்டும் என்ற ராகேலின் வேண்டுதல். அந்த இன்னொருவன்தான் அவள் உயிரோடு வந்தான். தகப்பன் குறுக்கிட்டது அவன் பேரில் மட்டும்.

கோபத்தோடு தம்பிக்கு போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அக்கா, வாழ்நாள் பூரா என்னைத் துக்கம்னு கூப்பிட்டிருந்தா நான் எங்க போயிருப்பேன்?” என்றான். பதில் சொல்ல முடியவில்லை. யாக்கோபும் பிள்ளையை நினைத்துத்தான் மாற்றினானோ என்னவோ. அவனாவது ராகேலின் கல்லறையில் ஒரு தூணை நிறுத்தினான். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் தம்பிக்குக் கேக் வெட்டினோம். அம்மா போனதும் அந்த நாள்தான் என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அம்மா அவனை என்னவென்று கூப்பிட்டாள் என்று போன மாதம் ஆச்சியிடம் கேட்டேன். பிரசவ அறைக்குள் ஆச்சியை மட்டும்தான் விட்டிருந்தார்கள். வெற்றிலையை மடித்தவள் அதை வாயில் போடாமலே வைத்திருந்தாள்.

“பிள்ளையக் காட்டுங்கன்னு கேட்டா. நர்சு தொடைக்க எடுத்துட்டுப் போயிருந்தா.”