புதுப்பேட்டை யாத்திரை

மனிதர்கள் செய்த பாவம் தீரக் காசிக்குப் போவார்கள். மோட்டார் வண்டியின் பாவம் தீரச் சென்னைவாசிகள் போக வேண்டிய க்ஷேத்திரம் புதுப்பேட்டை. கங்கைக்குப் பதிலாக அங்கே கூவம் ஓடுகிறது. 2016-ஆம் ஆண்டு கோடையில் அந்த யாத்திரையை மேற்கொள்ளும் பாக்கியம் எனக்கும் கிட்டிற்று.

பாவத்தைச் செய்தது வண்டியல்ல, நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தகப்பனார் 1984-இல் வாங்கிய அம்பாஸடர் வண்டியில் திண்டிவனத்திலிருந்து குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்தேன். அச்சிறுபாக்கத்தை நெருங்கும்போது வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிற்று. "இன்னும் இரண்டு மைலில் ஒரு காபி ஹோட்டல் இருக்கிறது, அங்கே நிறுத்திக்கொள்ளலாம்" என்று எண்ணினேன். அந்த இரண்டு மைல் ஆசைதான் அனர்த்தத்தை விளைவித்தது. ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய் வெடித்து, வெண்ணிற ஆவி முன்கண்ணாடியை மறைத்தது. அன்றிரவு எங்கள் வண்டி ஒரு லாரியின் முதுகில் ஏறி ஸைதாப்பேட்டை வந்து சேர்ந்தது.

மறுநாள் ஒரு பெரிய பட்டறைக்காரர் வந்து பார்த்தார். எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றும், 60,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். பழைய இரும்பு வியாபாரி ஒருவர், வண்டியை அப்படியே 25,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளத் தயாராயிருந்தார். பெண்ணின் காலேஜ் சம்பளம் போக என் கையில் மிஞ்சியிருந்தது 12,000. தகப்பனார் கடைசி நாள் வரையில் ஞாயிறுதோறும் தம் கையாலேயே துடைத்துவந்த வண்டி அது. விற்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

அப்போதுதான் எங்கள் பின்தெருவில் ஓலைக் கொட்டகை போட்டிருக்கும் மேஸ்திரியின் நினைவு வந்தது. அவர் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். டிகாக்ஷனில் பால் கலந்தாற்போல இருந்தது.

"தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது, சார். முதலில் தலையைக் கழற்றிப் பார்ப்போம்" என்றார்.

சிலிண்டர் ஹெட்டைத் தான் அவர் தலை என்றார். அதைக் கழற்றிக் கவிழ்த்து, எஃகு அளவுகோலை மேலே வைத்து, இடையில் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்த்தார். சூட்டினால் தலை வளைந்திருந்தது. பிறகு அதன்மேல் மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, சாக்குக்கட்டியைப் பொடி செய்து தூவினார். சற்று நேரத்தில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழை போல ஓர் ஈரக்கோடு வெள்ளைப் பொடியில் தெரிந்தது. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது!

"இந்தத் தலை உதவாது. ஆனால் பிளாக்கும் பிஸ்டன்களும் பிழைத்துவிட்டன. முழு எஞ்சின் எதற்கு? புதுப்பேட்டைக்குப் போவோம், வாருங்கள்."

எழும்பூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, கூவத்தின் கரையை ஒட்டியிருக்கிறது புதுப்பேட்டை. தெருவுக்குள் நுழைந்ததும் சம்மட்டிச் சத்தம் காதைத் துளைத்தது. கடை வாசல்களில் வண்டிக் கதவுகள் ஓலைச்சுவடி போல அடுக்கியிருந்தன. பிடுங்கப்பட்ட விளக்குகள் கூடை கூடையாக நம்மை விழித்துப் பார்த்தன. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாஸடர், வங்காளத்தில் உத்தரபாராவிலுள்ள தொழிற்சாலையில் 1950-களின் இறுதியிலிருந்து உற்பத்தியாயிற்று; 2014 மே மாதத்தில் அது நின்றுபோயிற்று. பிறந்த வீடு மூடப்பட்ட பின், அந்த வம்சத்துக்குப் புகலிடம் இத்தகைய தெருக்கள்தாம்.

மேஸ்திரிக்குப் பழக்கமான பாய் ஒருவர் கடையில் 1489 ஸி.ஸி. எஞ்சினின் தலைகள் இரண்டு இருந்தன. மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தார். முதல் தலையில் கோடு தெரிந்தது. பாய் கோபித்துக்கொள்ளவில்லை, தாமே அதை எடுத்து இரும்புக் குவியலில் எறிந்துவிட்டு, இரண்டாவதை நகர்த்தினார். அதில் கோடில்லை. விலை 3,000 ரூபாய். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று எழுதி ரசீதும் கொடுத்தார். பழைய சாமான் வாங்குகிறவர்கள் இந்த ரசீதை மறக்கலாகாது.

பக்கத்தில் பழைய ரப்பர்க் குழாயும் கேஸ்கட்டும் மலிவாகக் கிடைத்தன. மகிழ்ச்சியுடன் கையை நீட்டினேன். மேஸ்திரி தடுத்துவிட்டார்.

"இரும்பு பழையதாக இருக்கலாம், சார். ரப்பரும் கேஸ்கட்டும் புதியதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு முறை நசுங்கிய கேஸ்கட் மறுமுறை அடைக்காது. அதில் மிச்சம் பிடித்தால் இந்தத் தலையும் போய்விடும்."

திரும்பி வந்ததும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மேஸ்திரியோ ரேடியேட்டரைக் கழற்றத் தொடங்கினார். "சூடு ஏறியது ஏன் என்று தெரியாமல் தலையை மாற்றி என்ன பயன்?" என்றார். மேல்தொட்டியின் ஈயப்பற்றைப் பிரித்ததும், உள்ளிருந்த மெல்லிய குழாய்களில் பாதி, வெள்ளைக் காறையினால் அடைபட்டிருந்தது தெரிந்தது.

காபி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "வெந்நீர்த் தவலையில் வாரந்தோறும் புளி போட்டுத் தேய்க்கிறேனே, அதே உப்பு அல்லவா இது? வண்டிக்கு எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள்?" என்று கேட்டாள்.

பத்து வருஷமாக ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தேன். மேஸ்திரி என் மனைவியைப் பார்த்த பார்வையில், சக தொழிலாளியிடம் காட்டும் மரியாதை இருந்தது.

குழாய்களைக் கம்பி விட்டுக் குடைந்தார்கள். லேத் பட்டறையில் தலையின் அடிப்புறத்தை மட்டமாகச் சீவினார்கள். மேஸ்திரி வால்வுகளைப் பசை தடவித் தேய்த்துப் பொருத்தினார். தலையின் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, இருபுறமும் மாறி மாறி, மூன்று சுற்றாக முடுக்கினார். மூன்றாம் நாள் மாலை சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் ஓடலாயிற்று.

கணக்கைக் கேட்க விரும்புவோருக்கு: தலை 3,000, கேஸ்கட் வகையறா 800, குழாய் 200, லேத் பட்டறை 600, ரேடியேட்டர் 1,200, எண்ணெய் 1,200, மேஸ்திரியின் கூலி 3,500. ஆக மொத்தம் 10,500 ரூபாய். மேஸ்திரி கேட்டது 3,000 தான். 500 நானாகச் சேர்த்தது.

அடுத்த மாதம் மறுபடி திண்டிவனம் போய்வந்தோம். பின் ஆசனத்தில் என் மனைவி காலடியில் ஒரு பிளாஸ்டிக் குடம். அதில் உப்பில்லாத நல்ல தண்ணீர். முள் நடுவிலேயே நின்றது. அச்சிறுபாக்கத்துக்கு அப்பால் அந்தக் காபி ஹோட்டலில் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு காபி குடித்தோம். 10,500 ரூபாய் பெறக்கூடிய காபி அல்ல அது.