தட்டிலும் இருக்கிறது மரியாதை

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஆலை வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்ற குறை பொய்யல்ல. கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது வழிவிட ஆளில்லை. பக்கத்து அறைக்காரரின் பெயர்கூடத் தெரிவதில்லை. ஆனால் காரணத்தை அவர்கள் குணத்தில் தேடுவது தவறு. பழக்கம் வேர்பிடிக்க நேரமும் நிலையான இடமும் வேண்டும். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டும், கான்ட்ராக்ட் முடிந்ததும் காலியாகும் அறையும் அதற்கு இடம் தருவதில்லை. மரியாதையும் மேலிருந்து தொடங்க வேண்டியது. கிடைக்காததை யாரும் திருப்பித் தர முடியாது.

2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில், கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் போகிறவர்களை நடுவழியில் நிறுத்துவது நாகரிகமா என்று கேட்கலாம். பயணிகள் பட்ட சிரமம் உண்மைதான். ஆனால் அந்தப் பெண்கள் சாலைக்கு வந்த பிறகுதான் விடுதிகளின் நிலை வெளியுலகுக்குத் தெரிந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அப்படியானால் முதலில் நாகரிகம் தவறியது யார்? உழைப்பவர் தட்டில் என்ன விழுகிறது என்று பாராமல் இருந்ததைவிடப் பெரிய அவமரியாதை சாலையில் நடக்கவில்லை.

அந்தக் காலத்துக் கிராமத்தில் பணிவு இருந்ததே என்பார்கள். இருந்தது, ஆனால் சாதியும் நிலமும் பார்த்து, கீழிருந்து மேலே மட்டும் போனது. தோள்துண்டை இடுப்புக்கு இறக்கியவருக்குப் பதில் மரியாதை கிடைக்கவில்லை. அந்தப் பணிவு போனதற்கு வருந்த வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவருக்கும் சமமாகத் தரும் மரியாதையை இனிமேல்தான் நாம் கட்டி எழுப்ப வேண்டும். சட்டத்தால் அன்பு வருமா என்றால், வராது. ஆனால் நாளெல்லாம் கால்கடுக்க நிற்பவரிடம் இன்முகத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது அதனால்தான் முக்கியம். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டதும் அந்த வழியில் ஒரு நல்ல முன்னேற்றம். இளைஞர்களிடம் பணிவு கேட்கும் மேலாளர்கள், அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் சாப்பிடும் சோற்றைத் தாங்களும் சாப்பிடத் தொடங்கட்டும்.