கேத்திப் பக்கம் ஒரு கட்டுச்சோறு

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அக்னி நட்சத்திரத்தில் ஒரு வசதி உண்டு. வெயிலைத் திட்டிக்கொண்டே கிளம்பினால், திட்டி முடிப்பதற்குள் அதிலிருந்து தப்பிவிடலாம். மேட்டுப்பாளையம் பாக்குத் தோப்புகள் முடிந்து கல்லாறு தாண்டியதும் காற்று மாறும். பர்லியாருக்குள் வேன் நுழையும்போது, அதுவரை விசிறிக்கொண்டிருந்த பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வாந்தி எடுத்தாக வேண்டும். அதற்கென்றே எங்கள் அம்மாவைப் பெற்ற அமுச்சியின் மடியில் எலுமிச்சம்பழம் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பிக்னிக் என்று சொன்னதில்லை. 'கட்டுச்சோறு கட்டீட்டுப் போறது', அவ்வளவுதான். முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். விடிகாலையில் சோற்றை ஆறவிட்டு, நல்லெண்ணெயை யோசிக்காமல் ஊற்றிக் கிளறுவார்கள். தயிர்ச்சோற்றில் தயிர் பேருக்குத்தான். காய்ச்சின பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டித் தயிர் விட்டால் மத்தியானத்துக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். வாழையிலையை அடுப்பு அனலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. இந்தக் கணக்குகளெல்லாம் அமுச்சியின் கைவசம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். ஊட்டிக் கிழங்கைச் சந்தையில் வாங்கி, வீட்டில் வறுத்து, மறுபடி ஊட்டி மலைக்கே தூக்கிக்கொண்டு போய்த் தின்ற குடும்பம் எங்களுடையது.

குன்னூரைத் தாண்டினால் கேத்திப் பள்ளத்தாக்கு. படிப்படியாகக் கேரட்டும் கோசும் விளைந்த காடுகள், நடுநடுவே ஓட்டு வீடுகள். தைலமரங்கள் நிற்கும் ஏதாவது ஒரு சரிவைப் பார்த்து மாமா வேனை நிறுத்தச் சொல்வார். எந்த இடம் என்று முன்கூட்டி யாரும் முடிவு செய்ததில்லை. ஜமுக்காளத்தை விரித்த இடம்தான் இடம். தூக்குப்போசியைத் திறந்ததும் எங்கிருந்தோ குரங்குகள் வந்துவிடும். ஆளுக்கொரு குச்சியோடு காவல் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு பெரியவர்கள் அங்கேயே தலையைச் சாய்த்துவிடுவார்கள். குளிருக்கு நடுவே இறங்குகிற அந்த மத்தியான வெயில் கோவை வெயிலுக்குத் தம்பியா என்றுகூடச் சந்தேகமாக இருக்கும். எனக்கு அந்தத் தூக்கம்தான் ஊட்டி. படகும் குதிரையும் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சாயங்காலம் ரோஜாப் பூங்கா. எல்க் மலைச் சரிவில் 1995இல் தொடங்கியது. ஊட்டி மலர்க்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி அமைந்ததால் நூற்றாண்டு ரோஜாப் பூங்கா என்று பெயர். அப்போது அது புதுசு. சுமார் பத்து ஏக்கர், அடுக்கடுக்காகத் தளங்கள், ஆயிரக்கணக்கான ரகங்கள். உச்சியில் நின்று பார்க்க நிலா மாடம். 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு விருது கொடுத்ததெல்லாம் பிற்பாடு. ஆனால் அமுச்சி எந்த விருதுக்கும் மசியக்கூடியவர் அல்ல. நிலா மாடத்துக்கு ஏறாமல் முதல் தளத்திலேயே நின்று கேட்டார்: "ஏங் கண்ணு, இத்தன பூவும் ஆரு வெச்சுக்கறதுக்கு?"

பூவைப் பறிக்கக்கூடாது என்ற பலகையைப் படித்துக் காட்டினோம். பறிக்காத பூ வாடித்தானே போகும், அப்புறம் எதற்கு என்றார். பதில் தெரியவில்லை. ஒவ்வொரு செடியாகக் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். பச்சை ரோஜா என்று ஒன்றைக் காட்டினோம், அங்கே எல்லோரும் கூட்டம் கூடிப் பார்ப்பது அது. இதழ்கள் எல்லாம் புல்லி இலைகளாகவே மாறிப்போன ரகம். அமுச்சி ஒரு பார்வைதான் பார்த்தார். "இது கீரைங் கண்ணு."

அவருடைய அளவுகோல், தோட்டத்து வீட்டில் துவைக்கிற கல்லோரம் நின்ற பன்னீர் ரோஜா. டீத்தூளும் முட்டை ஓடும் தின்று வளர்ந்த முள்செடி. பூ சின்னது, காலையில் விரிந்தால் சாயங்காலம் உதிர்ந்துவிடும், ஆனால் வாசம் வாசல்வரை வரும். மிஞ்சிய இதழ்களைக் கற்கண்டோடு அடுக்கிக் கண்ணாடிச் சாடியில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தால் குல்கந்து. பூங்கா ரோஜாக்களில் பெரும்பகுதி வேறு வம்சம். 1867இல் பிரான்சில் வந்த 'லா பிரான்ஸ்' தொடங்கி, உருவத்துக்கும் நிறத்துக்கும் காம்பின் நீளத்துக்குமாக கலந்து கலந்து பெருக்கிய கலப்பினங்கள். அந்த ஓட்டத்தில் பல ரகங்கள் வாசத்தைத் தொலைத்தன. கோதுமை ஆராய்ச்சிக்குப் பேர் போன பி.பி. பால்கூட நம் நாட்டில் எத்தனையோ புது ரோஜாக்களை உண்டாக்கியவர். அமுச்சியிடம் இதைச் சொல்லியிருந்தால் கோதுமையோடு நிறுத்தியிருக்கலாமே என்றிருப்பார். நியாயமாகச் சொன்னால் ஊட்டிக் குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிரில் வாசம் காற்றில் எழும்புவது குறைவு.

ஒரு தோட்டக்காரர் வாடின பூக்களைக் கத்தரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அப்படி எடுத்தால்தான் அடுத்த மொட்டு திடமாக வரும் என்றார். தை மாசமே கவாத்து பண்ணி உரம் வைத்தால்தான் கோடை சீசனுக்குச் செடி சரியாகப் பூக்குமாம்; நடுவில் மே மழை பிடித்துக்கொண்டால் இதழெல்லாம் அழுகி அத்தனை பாடும் வீணாம். அமுச்சி இதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "ஏனுங் சாமி, அந்தக் கூடைல இருக்கறத எடுத்துக்கலாங்களா?" என்றார்.

தோட்டக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். முழுசாக இருந்த ரெண்டு பூவை எடுத்து நீட்டினார். "மருந்தடிச்ச பூவுங்கம்மா, தின்னுபோடாதீங்க." அமுச்சி ஒன்றைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, மற்றதை என் அக்காவின் சடையில் வைத்தார். அந்தப் பூங்காவில் அன்றைக்குத் தலையில் ரோஜா வைத்திருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேராகத்தான் இருந்திருப்பார்கள்.

பூங்கா இன்னும் இருக்கிறது. கவாத்து தப்புவதில்லை, பூவும் குறையவில்லை. அமுச்சி இல்லை, துவைக்கிற கல்லிருந்த இடத்தில் கார் நிற்கிறது. மலைக்குப் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. அடுத்த வருஷக் கோடையில் நாளுக்கு ஆறாயிரம் வண்டி, சனி ஞாயிறில் எட்டாயிரம் என்று வரம்பும் கட்டினார்கள். தேவைதான். அந்த மலை எத்தனை பேரைத்தான் தாங்கும்! நினைத்த சரிவில் வேனை நிறுத்திய எங்களைப் போன்றவர்கள் பெருகிப் பெருகித்தானே இந்த நிலைக்கு வந்தது.

போன கோடையில் பாஸ் எடுத்துக்கொண்டு போனோம். குன்னூருக்கு அப்புறம் தைலமரம் தெரிந்த இடத்திலெல்லாம் அக்கா நிறுத்தச் சொன்னாள். எல்லா இடத்திலும் முன்னாலேயே வண்டிகள் நின்றன; நிற்காத இடத்தில் கம்பிவேலி. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக ஒதுங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். புளிச்சோறு காந்திபுரத்தில் வாங்கியது. எண்ணெய் பத்தவில்லை என்றாள் அக்கா.