அலுமாரிக்கு மேலே ஒரு டப்பா

அக்காவின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அந்தக் கிறீமை வாங்கிக் கொடுத்தது நான்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு ஃபன்சிக் கடை. சின்ன மஞ்சள் டப்பா, மேலே எனக்கு விளங்காத ஏதோ பாஷை, உள்ளே என்ன கலந்திருக்கு என்று ஒரு வரியும் இல்லை. "ரெண்டு கிழமையில வித்தியாசம் தெரியும் தங்கச்சி" என்றார் கடைக்காரர். உண்மையாகவே தெரிந்தது. அல்பத்தைப் பார்த்த சனமெல்லாம் "பொம்பிளை நல்ல வெள்ளை" என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது அக்காவுக்கு ஐந்து மாதம். கன்னத்திலும் நெற்றியிலும் மண்நிறத்தில் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது. மெலாஸ்மா என்பார்கள். கர்ப்பத்தில் ஹோர்மோன் கூட, தோல் மெலனினைக் கூடுதலாக உண்டாக்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். பிள்ளை பிறந்த பிறகு பலருக்கு மெல்ல மெல்ல மங்கிவிடும். ஆனால் இதை மாமிக்கு யார் சொல்றது? அவ குங்குமப்பூவோட வந்து நிக்கிறா, பேரப்பிள்ளை சிவப்பாப் பிறக்கோணுமாம். பிள்ளையின் நிறம் தாய் தகப்பனின் மரபணுவில் இருக்கிறது, பால் தம்ளருக்குள் இல்லை.

கனடாவில் இருக்கிற மச்சாள் ஒருநாள் சொன்னா, தன்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரப் பெண் பிள்ளை வயித்தோட வெயிலில் கிடந்து கறுக்கலாமோ என்று டொக்டரிட்டக் கேட்டவவாம். சிரித்தோம். அடுத்தநாள் அக்காவின் மேசையில் அதே மஞ்சள் டப்பாவைக் கண்டேன்.

"அக்கா, உதை இப்பவும் பூசுறீங்களோ?"

"விட்டா முந்தியவிடக் கறுக்குதடி. நீதானே வாங்கித் தந்தனி."

அன்றிரவு நித்திரை இல்லை. லேபிள் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது மெலனின் உருவாவதைத் தடுக்கும், அதனால்தான் கெதியாக வெளுக்கும். பார்த்தோ மணந்தோ கண்டுபிடிக்க ஏலாது. தோலால் உள்ளே போய் முக்கியமாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகலாம், பிறகு தாய்ப்பாலிலும் போகலாம். பூசுகிறவரின் துவாயிலும் கையிலும் ஒட்டி வீட்டில் மற்றவர்களுக்கும் சேரும்.

மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரில் பாதரசம் கலந்த மீனைச் சாப்பிட்ட தாய்மார் சிலர் தாங்கள் பெரிய வருத்தம் இல்லாமல் இருந்துகொண்டே, மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பெற்றார்கள். அது வேறு வகைப் பாதரசம், கிறீமில் இருப்பது வேறு. என்றாலும் எனக்கு அதை வாசிக்கேக்க கை நடுங்கியது. அந்த ஊரின் பெயரில் உள்ள உடன்படிக்கைதான் 1 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் உள்ள கிறீம்களை 2020 உடன் நிறுத்தச் சொன்னது. 2023இல் அந்த 1 பிபிஎம் சலுகையையும் எடுத்துவிட்டு, 2025 உடன் பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் வேண்டாம் என்றார்கள். கடைத்தட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லைப் போல.

கிளினிக்குக்கு நானும் போனேன். மிட்வைஃப் ஏசவில்லை. "இதை ஏன் பிள்ளை முதலே சொல்லேல்ல?" என்று மட்டும் கேட்டா. டொக்டர் உடனே நிற்பாட்டச் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினொயின் உள்ள கிறீம்களை ஃபாமசியில் தந்தாலும் இப்போது பூசவேண்டாம், குடை பிடியுங்கோ, சிங்க் ஒக்சைட் உள்ள சன்ஸ்கிறீன் போதும் என்றார். அக்கா வழி முழுக்கக் கதைக்கவில்லை. வீட்டு வாசலில்தான், "உனக்குத் தெரிஞ்சோடி வாங்கினனி, விடு" என்றா. அந்த வசனம் எனக்கு ஏச்சைவிடக் கூடச் சுட்டது.

அம்மா டப்பாவைக் குப்பையோட கொளுத்தப் போனா. மறித்தேன், புகையில் பாதரச ஆவி வந்தால் மூச்சில் போகும். தாட்கலாம் என்றா. எங்கட சுண்ணாம்புக் கல் நிலத்தில் எதைத் தாட்டாலும் கிணத்துக்குத்தானே போகும்? இறுக்கி மூடி, இரண்டு சொப்பிங் பைக்குள் கட்டி, அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை வரும்.