சமுத்திரம் சூழ்ந்த பத்மு



பத்மு என்றவுடன் வெளிப்படுத்தின விசேஷத்தின் முதலாம் அதிகாரம் உங்கள் நினைவுக்கு வரும். விசுவாசத்திற்காக யோவான் தனித்துவிடப்பட்ட அத்தீவு, இன்று கிரேக்க தேசத்தைச் சேர்ந்தது. ஏஜியன் கடலில், துருக்கிக் கரைக்கு அருகே, ஏறக்குறைய 34 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. அங்கே விமான நிலையம் இல்லை. அதன் அமைதிக்கு அதுவும் ஒரு காரணம்.

உல்லாசக் கப்பல்களில் வருவோர் சில மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றனர். நீங்களோ கூடுமானால் மூன்று நாட்களாவது தங்குங்கள். செலவைக் குறைக்க வழியுண்டு. கூட்டம் மிகுந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களைத் தவிர்த்து, மே அல்லது செப்டம்பரில் சென்றால் அறை வாடகை குறையும். ஏதென்ஸ் அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலில் ஏறக்குறைய 8 மணி நேரப் பிரயாணம். படுக்கை அறை வேண்டாம்; சாதாரண இருக்கைச் சீட்டே போதும். தீவின் துறைமுகமாகிய ஸ்காலாவில், சமையல் வசதியுள்ள எளிய அறைகள் வாடகைக்குக் கிடைக்கும். ரொட்டி, தக்காளி, ஒலிவக்காய், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கடையில் வாங்கிக்கொண்டால் உணவகச் செலவு மிஞ்சும். ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ கட்டணம். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. ஆகவே முன்னதாகக் கணக்கிட்டுச் சேமியுங்கள். கடன் வாங்கிப் புறப்படாதிருங்கள்.

ஸ்காலாவிலிருந்து மலைமேலுள்ள கோரா என்னும் ஊருக்குக் கல் பாவிய பழைய பாதை ஏறுகிறது. வழியில், யோவான் தரிசனம் கண்டதாகப் பாரம்பரியம் கூறும் குகை உள்ளது. மேலே 1088-இல் கிறிஸ்தோதுலோஸ் என்னும் துறவி நிறுவிய மடம் நிற்கிறது. 1999-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள். அவர்களுடைய ஆராதனை முறை நம்முடையதன்று. ஆயினும் மரியாதையோடு அமைதி காப்பது நம் கடமை.

கோராவின் உயரத்தில் நின்றால் தீவைச் சூழ்ந்த கடல் கண்ணுக்குத் தெரியும். கிழக்கே, அக்கரையில்தான் எபேசு முதலான ஏழு சபைகள் இருந்தன. தாம் நேசித்த மந்தையினின்று இக்கடலால் பிரிக்கப்பட்டிருந்த அவர், புதிய பூமியில் சமுத்திரமே இல்லாதிருக்கக் கண்டார் (வெளி. 21:1). வீட்டில் வாசிக்கையில் எளிதாய்க் கடந்துபோகும் அவ்வசனத்தின் கனம் இங்கே விளங்கும். பிழைப்பிற்காகப் பெற்றோரையும் பிறந்த ஊரையும் விட்டு, மும்பையிலும் டில்லியிலும் வாழும் நமக்கு அது எத்தனை ஆறுதல்!

போக இயலாதோர் வருந்தவேண்டாம். பத்முவில் யோவானைச் சந்தித்தவர் உங்கள் ஒற்றை அறை வீட்டையும் அறிந்திருக்கிறார். புறப்படுவோரின் பிரயாணத்தைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.